உடுப்புக் கிறுக வேண்டும்

அன்புள்ள அண்ணன்,

வீடியோ கேம்களைப் படமாக்குவது பற்றிப் போன மாதம் எழுதியபோது, 2019இல் சொனிக் என்ற கேம் முள்ளெலியின் பட உருவத்தை ரசிகர்கள் சத்தம் போட்டு மாற்ற வைத்ததை நல்ல காரியம் என்று சொல்லியிருந்தீர்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. நான் பிளெண்டர் என்ற மென்பொருளில் முப்பரிமாண உருவங்கள் செய்யப் பழகுகிறேன். ஒரு கண் இமையைச் சரிசெய்ய இரண்டு இரவு போகும். ட்ரெயிலரைப் பார்த்த கையோடு 'கண்றாவி' என்று எழுதிவிட்டுப் போகிறவனுக்கு அது தெரியுமா? கைதட்டலுக்காக எழுதக் கூடாது என்று எங்களுக்குச் சொல்கிற நீங்கள், கூச்சலுக்காக ஒரு கலைஞன் தன் வேலையை மாற்றுவதை எப்படிப் பாராட்டுகிறீர்கள்? இப்போது ஒரு கேமுக்காக வடமோடிக் கூத்தில் வருகிற அருச்சுனனைச் செய்துகொண்டிருக்கிறேன். படம் இணைத்துள்ளேன். நாளைக்கு ஊரில் நாலு பேர் இது அருச்சுனன் இல்லை என்றால் அழித்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டுமா? கோபித்துக்கொள்ள வேண்டாம்.

க., ஆரையம்பதி

அன்புள்ள தம்பி,

கோபம் ஒன்றும் இல்லை. இரண்டு நாளாக உங்கள் கடிதத்தைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அந்தக் குறிப்பில் உருவத்தைச் செய்தவர்களைப் பற்றி நான் ஒரு வரிகூட எழுதவில்லை, அது பிழை. ஆனால் சொன்னதைத் திரும்பப் பெறப் போவதில்லை.

அந்த ட்ரெயிலர் வந்தது 2019 ஏப்ரல் 30. ஈஸ்டர் ஞாயிறன்று மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. நாடு முழுக்கப் பேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் தடைசெய்யப்பட்டிருந்தன, அந்தத் தடையை எடுத்ததும் அதே 30ஆம் திகதிதான். அந்த நாள்களில் இங்கே யாருக்கு ட்ரெயிலர் பார்க்கிற மனம் இருந்தது? நான் அதைப் பார்த்தது இரண்டு மூன்று கிழமை கழித்து, அக்காவின் மகன் போனைக் கொண்டுவந்து நீட்டியபோது. அவனுக்கு அப்போது பத்து வயது. வெளியே போக விடாமல் வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தோம், பிள்ளை சரியாகப் பேசுவதுகூட இல்லை. அன்றைக்கு முகமெல்லாம் சிவந்து, "மாமா, இவனுக்கு ஏன் எங்கட பல்லு?" என்று கேட்டான். ஒரு பொம்மையின் பல்லுக்காக ஒரு பிள்ளை கோபப்படுவதைப் பார்க்க எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று சொன்னால் உங்களுக்குப் புரியும்.

அவன் கேட்டது சரியான கேள்வியும்கூட. அந்த முதல் உருவத்தில் மனிதப் பல் வரிசை இருந்தது, கண்கள் சிறுத்து விலகி இருந்தன, கால்கள் ஓட்டப்பந்தய வீரனின் கால்கள் போல நீண்டு தசை பிடித்திருந்தன, கையில் கையுறை இல்லை. ஜப்பானிய ரோபோ ஆய்வாளர் மசாஹிரோ மோரி 1970இலேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார்: ஒரு பொம்மை மனித உருவத்துக்குக் கிட்ட வர வர நமக்குப் பிடிப்புக் கூடும், ஆனால் மிகக் கிட்ட வந்தும் முழுதாக வந்து சேராத இடத்தில் சட்டென்று உடம்பு கூசும். பத்து வயதுப் பிள்ளை அதைத்தான் நான்கு சொல்லில் கேட்டான்.

ஆனால் கூசுவது மட்டும் காரணம் என்றால் நான் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. வேறொன்றும் இருக்கிறது. கல்லடியில் எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்குச் சுவிஸிலிருந்து சேகா கேம் பெட்டி ஒன்று வந்திருந்தது, தொண்ணூறுகளின் நடுவில். கரண்ட் இருக்கிற நேரத்தில் பொடியன்கள் பத்துப் பன்னிரண்டு பேர் அந்த விறாந்தையில் முறை பார்த்துக் குந்தியிருப்போம். என் முறை வரும்போது கை வேர்த்து அந்தக் கறுப்புப் பிடி வழுக்கும். ஓடிக்கொண்டிருக்கும்போது கீழ்ப்பக்கம் அழுத்தினால் சொனிக் சுருண்டு பந்தாகி உருளுவான், எதிரே வந்தது எதுவானாலும் தெறிக்கும். கையை எடுத்துவிட்டுச் சும்மா இருந்தால், கொஞ்ச நேரத்தில் அவன் இந்தப் பக்கம் திரும்பி, ஒரு காலைத் தரையில் தட்டித் தட்டி, நம்மையே பார்ப்பான். என்ன நிற்கிறாய், வா போவோம் என்கிற மாதிரி. பார்க்கிற அந்தக் கண் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்த ஒரே வெள்ளை. அதனால்தான் அவ்வளவு சின்னப் படத்திலும், அந்தப் பழைய ரீவியின் மங்கல் திரையிலும், அவன் பொறுமை இழந்தது எங்களுக்குத் தெரிந்தது.

இது தற்செயலாக வந்ததில்லை. 1991இல் வந்த அந்த கேமுக்கு உருவம் வரைந்தவர் நவோட்டோ ஒஷிமா. வேகமாக ஓட வேண்டும், ஓடிக்கொண்டே சுருண்டு தாக்கவும் வேண்டும் என்று தேடித்தான் முள்ளெலிக்கு வந்தார்கள். உருண்டை உடம்பு, குட்டைக் கால், பின்னால் சாய்ந்த முள் எல்லாம் அந்த ஓட்டத்துக்காக. மாரியோவும் அப்படித்தான். 1981இல் ஷிகெரு மியமோட்டோ அவனை வரைந்தபோது கையில் இருந்தது ஒரு சில புள்ளிகள். அதற்குள் வாய் வரைய இடமில்லை, எனவே மீசை. தலைமுடி அசைவதைக் காட்ட முடியாது, எனவே தொப்பி. கை ஆடுவது உடம்பிலிருந்து பிரிந்து தெரிய வேண்டும், எனவே தோளில் பட்டி வைத்த அந்த வேலையாள் உடுப்பு. தேவைக்காக வந்ததுதான் முகமாக நின்றுவிட்டது. விளையாடியவனுக்கு அந்த உருவத்தைக் கையாலும் தெரியும். வாசித்த பாத்திரத்துக்கு நாம் ஒவ்வொருவரும் மனதில் ஒரு முகம் வைத்திருப்போம், படத்தில் வேறு முகம் வந்தால் கொஞ்சம் மனஸ்தாபப்பட்டுவிட்டுப் போவோம். இது அப்படி இல்லை. இந்த உருவத்தை அவன் ஆயிரம் தடவை ஓட வைத்திருக்கிறான். அது ஓடாது என்று அவன் சொன்னால் கேட்கத்தான் வேண்டும்.

நீங்கள் வடமோடி என்று எழுதியதும் எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. படுவான்கரையில் என் தாய்மாமன் ஊரில் ஒரு வருடம் கூத்துப் பழகினார்கள். சட்டம் கொடுத்து, அதாவது யார் யாருக்கு எந்தப் பாத்திரம் என்று பிரித்து, மாதக்கணக்கில் பழகி, சதங்கையும் கட்டி, அடுக்குப் பார்க்கிற கடைசி ஒத்திகைக் கட்டத்துக்கு வந்துவிட்டது. அந்த முறை இளந்தாரிகள் சிலர் வீமனுக்குப் பிரம்பு வளைத்துக் கட்டுகிற கரப்புடுப்பு வேண்டாம், பாரம், பழைய பாணி என்று சொல்லி, சினிமாப் படத்தில் வருகிற ராசா மாதிரிப் பட்டில் ஒட்டின உடுப்பாகத் தைத்துக்கொண்டு வந்தார்கள். பார்வைக்கு நல்ல வடிவு, நான் சின்னவன், எனக்குப் பிடித்திருந்தது. வீமன் களரிக்குள், அதுதான் கூத்து ஆடுகிற இடத்துக்குள், வந்து மத்தளம் ஏற ஏறச் சுற்றி ஆடினார். ஓரத்தில் சாக்கில் இருந்த ஒரு வயதானவர், வயல் செய்கிறவர், தன் காலத்தில் ஆடியவர், கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். "உடுப்புக் கிறுகுதில்லையே மனே. மறுகா என்னத்துக்கு இந்த ஆட்டம்?" என்று கேட்டார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. கூத்தைப் பழக்கிய அண்ணாவியார் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு, "சரி, மாத்துவம்" என்றார்.

அந்தப் பெரியவர் பழசு பழசாகவே இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார் என்று நான் நினைக்கவில்லை. ஆள் கிறுகும்போது, அதாவது சுற்றும்போது, கரப்புடுப்பு விரிந்து, ஆள் நின்ற பிறகும் ஒரு சுற்று மிச்சமாகச் சுற்றி அடங்கும். வீமன் எவ்வளவு பெரியவன் என்று பார்க்கிற சனத்துக்குக் காட்டுவது அந்த மிச்சச் சுற்றுத்தான். ஒட்டின பட்டு அதைச் செய்யாது. நீண்ட கால் வைத்த சொனிக் பந்தாகச் சுருள்வான் என்று கண் நம்ப மறுப்பதும் இதே காரணத்தால்தான்.

ஆனால் உங்கள் பக்கமும் அந்தக் கதையிலேயே இருக்கிறது. அந்தக் கிழமை முழுக்க இரவில் பெற்றோல்மக்ஸ் வெளிச்சத்தில் பிரம்பு வளைத்து உடுப்பைத் திரும்பக் கட்டியவர் என் மாமன். பகலில் வயல், இரவில் இது. விரலெல்லாம் கீறல். அவருக்கு யாரும் நன்றி சொன்னதாக நினைவில்லை.

சொனிக்கிலும் அப்படித்தான் நடந்தது. ட்ரெயிலர் வந்து இரண்டாம் நாளே இயக்குநர் ஜெஃப் ஃபௌலர் மாற்றுகிறோம் என்று ட்விட்டரில் எழுதினார். நவம்பரில் வரவேண்டிய படம் 2020 பெப்ரவரி 14க்குத் தள்ளிப்போனது. தள்ளிப்போட்ட செய்தியோடு, இந்தப் படத்தில் வரைகலைஞர் எவருக்கும் தீங்கு நேரவில்லை என்ற பொருளில் ஒரு குறிச்சொல்லும் போட்டார், ஆகவே அந்தக் கவலை அவருக்கும் இருந்திருக்கிறது. ஆனால் அந்தப் படத்தில் வேலை செய்த எம்பிசி என்ற வரைகலை நிறுவனத்தின் வான்கூவர் கிளை 2019 டிசம்பரில், படம் வருவதற்கு முன்பே, மூடப்பட்டது. மூடியதற்குச் சந்தை நிலவரம் என்று சொன்னார்கள், அதைச் சொனிக்கோடு முடிச்சுப் போட நான் வரவில்லை. படம் ஏறத்தாழ 32 கோடி டொலர் வசூலித்து எல்லோரும் கொண்டாடியபோது, அந்த முகத்தைத் திரும்பச் செய்தவர்களில் பலர் அந்த மேசைகளில் இல்லை என்பது மட்டும் எனக்குத் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. குறிப்பில் இதை எழுதாமல் விட்டதற்கு உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

ஆனால் தம்பி, அந்தப் பாரத்தை அவர்கள் தலையில் ஏற்றியது ரசிகனா? கூத்தில் அடுக்குப் பார்த்தல் அரங்கேற்றத்துக்கு முன்னால் வருகிறது, விஷயம் தெரிந்த ஆள்கள் முன்னால் வருகிறது. அங்கே நிறுத்தலாம், திருத்தலாம். அரங்கேற்றத்தன்று ஒருவர் எழும்பி நிறுத்தினால் ஊரே சண்டைக்கு வரும். அந்தப் படத்துக்கோ உலகம் முழுக்கக் காட்டிய ட்ரெயிலர்தான் அடுக்காகிப் போனது. மேலே இருந்து முடிவெடுத்தவர்கள் விளையாடத் தெரிந்த ஒரு பிள்ளையின் பேச்சைத் தொடக்கத்திலேயே கேட்டிருந்தால், கீழே இருந்தவர்கள் ஒரே வேலையை இரண்டு தரம் செய்திருக்கத் தேவையில்லை.

அப்புறம், மாற்றிய உருவத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள், கூச்சலுக்குப் பணிந்தது என்று நீங்கள் சொல்வது அங்கே நிற்காது. அதற்குத் தலைமை தாங்கிய டைசன் ஹெஸ் பல வருடம் சொனிக் சித்திரக் கதைகள் வரைந்தவர், அந்தக் களரியிலேயே வளர்ந்த ஆள். கண்ணைப் பெரிதாக்கினார்கள், கையுறை வந்தது, பல் அடங்கியது. ஆனால் கேமில் போலக் கண் இரண்டையும் ஒன்றாகச் சேர்க்கவில்லை, நடுவில் மெல்லிய நீல மயிர்க் கோடு ஒன்று இருக்கிறது. கேமில் தோல் நிறத்தில் இருக்கிற கை, படத்தில் நீலமாகவே இருக்கிறது. எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விடக் கூடாது என்று தெரிந்த கை செய்த வேலை அது.

கூட்டம் சொன்னால் எல்லாம் சரி என்றும் நான் சொல்லவில்லை. 2018இல் போக்கிமொன் கேமின் பிக்காச்சுவைப் படத்துக்காக மயிர் வைத்துக் காட்டியபோதும் சிலர் முகம் சுளித்தார்கள், ஆனால் உருண்டை உருவமும் கண்ணும் சிவந்த கன்னமும் அப்படியே இருந்தன, ஒரு நிமிடத்தில் பழகிவிட்டது. மைன்கிராஃப்ட் கேமை வைத்து எடுத்த படத்தின் முதல் துண்டு 2024 செப்டெம்பரில் வந்தபோது அந்த இளஞ்சிவப்புச் செம்மறியைப் பார்த்து உலகமே சிரித்தது, ஆனால் 2025இல் அந்தப் படம் 90 கோடி டொலருக்கு மேல் வசூலித்தது. அந்தச் செம்மறி எனக்கு இன்றும் பிடிக்கவில்லை, அது வேறு விஷயம்.

ஒன்றில் மட்டும் நான் உங்களோடு முழுதாக நிற்கிறேன். த லாஸ்ட் ஒஃப் அஸ் தொடரில் எல்லியாக நடித்த பெலா ராம்சேயின் முகத்தை, கேமில் வந்த முகம் போல இல்லை என்று சொல்லி, சனம் என்ன பாடு படுத்தியது! அது ஒருவர் பிறந்த முகம். பிரம்பை அவிழ்த்துத் திரும்பக் கட்டுகிற மாதிரி அதைக் கட்ட முடியாது. அதைச் சொனிக்கின் பல்லோடு சேர்த்து 'ரசிகர் எதிர்ப்பு' என்று ஒரே பெயரில் எழுதுகிறவர்கள் மேல் எனக்கு உண்மையாகவே கோபம் வருகிறது. அந்தப் பெரியவரும் ஆடிய பொடியனின் முகத்தைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை.

இனி உங்கள் அருச்சுனன். முடியின் வேலைப்பாடு அருமை, அந்தக் கண்ணாடித் துண்டுகளில் வெளிச்சம் விழுகிற விதத்துக்கே எத்தனை இரவு போயிருக்கும் என்று தெரிகிறது. அதை அழிக்கச் சொல்ல எவருக்கும் உரிமையில்லை. ஆனால் நிற்கிற படம் மட்டும்தான் அனுப்பியிருக்கிறீர்கள், கரப்பும் தகட்டால் செய்தது போல விறைப்பாக இருக்கிறது. இப்போதே, இன்னும் முடியாமல் இருக்கும்போதே, உங்கள் பக்கத்தில் கூத்து ஆடிய ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். போனில் காட்ட வேண்டாம், மடிக்கணினியை எடுத்துப் போய் ஆற அமர இருந்து காட்டுங்கள், அவர் கையைத் தூக்கினால் நிறுத்தி என்னவென்று கேளுங்கள். எனக்கும் ஒரு சின்ன வீடியோ அனுப்புங்கள், பத்து வினாடி போதும். அவன் ஒரு தரம் கிறுகி நிற்கட்டும், உடுப்பு எப்போது நிற்கிறது என்று பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அண்ணன்