மறு: 7 நாளில் வியன்னாவிலிருந்து பாசாவுக்கு, அம்மா அப்பாவுடன் சைக்கிளில் முடியுமா?

முடியும், ஆனால் திசையைத் திருப்பிவிடுங்கள். டான்யூப் ஆற்றுப் பள்ளத்தாக்கில் பெரும்பாலும் மேற்குக் காற்றுதான். வியன்னாவில் கிளம்பினால் அது முகத்தில் அடிக்கும். அறுபது வயதுக்காரர்கள் இரண்டாம் நாளே சோர்ந்துவிடுவார்கள். ஜெர்மனி எல்லை நகரான பாசாவில் தொடங்கினால் ஆற்றோட்டத்தோடு லேசான இறக்கமும் கிடைக்கும்.

மொத்தம் சுமார் 320 கி.மீ. ஷ்லோகன், லின்ஸ், கிரைன், மெல்க், கிரெம்ஸ், துல்ன், வியன்னா என்று இரவுத் தங்கலைப் பிரியுங்கள். லின்ஸ்-கிரைன்தான் நீளம், 60 கி.மீ.க்கு மேல். மெல்க்-கிரெம்ஸ் 40கூட வராது. அதை மட்டும் அவசரப்படுத்தாதீர்கள், வாஹாவ் திராட்சைத் தோட்டங்கள் அங்கேதான்.

ஷ்லோகனில் ஆறு வளையும் இடம் தாண்டியதும் தென்கரையிலேயே இருங்கள். வடகரைப் பாதை அங்கே அறுந்துபோகும், படகு தேவை. மாலையில் படகு நின்றுவிடும்.

சொந்த சைக்கிளை ரயிலில் கொண்டுபோவதென்றால், ரெயில்ஜெட்டில் (ஆஸ்திரிய விரைவு ரயில்) சைக்கிளுக்குத் தனி முன்பதிவு கட்டாயம். இடம் மிகக் குறைவு, அதை முதலில் பிடித்துவிட்டு அறையைப் போடுங்கள்.