வெளிச்சம் காட்டினால் மண் பேசுமா?

கேள்வி: டார்ச் லைட் மாதிரி ஒரு கருவியோடு ஒருவர் எங்கள் ஊருக்கு வந்தார். நாற்றங்காலிலிருந்து ஈர மண்ணை அள்ளி அதன்மேல் வெளிச்சம் காட்டினார். இரண்டு நிமிஷத்தில் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, உப்பு என்று எல்லாவற்றுக்கும் செல்போனில் கணக்கு வந்துவிட்டது. அதை நம்பி சம்பாவுக்கு உரம் வாங்கலாமா?
— ஒரு வாசகர், நீடாமங்கலம்

பதில்: வாங்காதீர்கள் ஐயா. வெளிச்சத்தை வைத்து மண்ணைப் படிக்கும் முறை உண்மையானது, நான் மதிக்கிற முறை. ஆனால் உங்கள் வயலில் நடந்தது அந்த முறை இல்லை.

மண்மேல் விழும் வெளிச்சத்தில் ஒரு பகுதியை மண் விழுங்கிக்கொள்ளும், மீதி திரும்பி வரும். எந்த அலைநீளத்தில் எவ்வளவு திரும்புகிறது என்று வரைந்தால் மேடும் பள்ளமுமாக ஒரு கோடு கிடைக்கும். பள்ளம் விழும் இடம்தான் பொருளின் அடையாளம். அலைநீளத்தை நானோமீட்டரில் சொல்வார்கள்; ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அது. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் 700 நானோமீட்டர் வாக்கில் முடிந்துவிடுகிறது. களிமண்ணின் அடையாளமோ 2,200-க்குப் பக்கத்தில், அகச்சிவப்பில் இருக்கிறது. சுண்ணாம்புக்கு 2,340.

மண் பரிசோதனைக் கூடத்தில் முப்பது வருஷம் இருந்தவன் நான். ஓய்வுக்கு முந்தைய வருஷம் இப்படி ஒரு நல்ல கருவியைத் தொட்டுப் பார்க்க வாய்த்தது. வல்லத்துச் செம்மண்ணையும் எங்கள் மன்னார்குடிக் களியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். செம்மண் கோட்டில் 900 அருகே இரும்பின் அகலமான பள்ளம். 2,200-இல் ஒன்றையொன்று ஒட்டி இரட்டைப் பள்ளம், அது கயோலினைட் என்ற களித் தாது. மன்னார்குடிக் களியில் அந்த இடத்தில் ஒரே பள்ளம். 1,900-இல் தண்ணீரின் ஆழமான குழி. கோடையில் கால் நுழையும் அளவுக்கு வெடித்து, தண்ணீர் விட்டதும் உப்பி மூடிக்கொள்ளும் மான்ட்மொரில்லோனைட் என்ற களித் தாது அது. சின்ன வயசிலிருந்து நான் மிதித்த மண்ணின் குணம் ஒரு கோட்டில் அப்படியே கிடந்தது. அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

இனி உங்கள் விஷயம். முதல் தப்பு, ஈர மண். தண்ணீர் 1,400-லும் 1,900-லும் வெளிச்சத்தை விழுங்கும். மொத்த மண்ணையும் கறுக்க வைக்கும். ஒரே களியை நனைத்து ஒரு தரம், நிழலில் உலர்த்தி 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்து ஒரு தரம் பார்த்தேன். இரண்டும் வேறு வேறு ஊர் மண் மாதிரி இருந்தன.

இரண்டாவது, அளப்பதற்கு முன்னால் வெள்ளைத் தகடு ஒன்றின்மேல் கருவியை வைத்தாரா? விழுந்த வெளிச்சம் எவ்வளவு என்று அதிலிருந்துதான் தெரியும். அது இல்லாமல் எடுத்த அளவு, கல் வைக்காத தராசு.

மூன்றாவதுதான் முக்கியம். சாதாரண சமையல் உப்புக்கு இந்த வெளிச்சத்தில் சொந்தமாக எந்தப் பள்ளமும் கிடையாது. பயிருக்குக் கிடைக்கும் மணிச்சத்தும் சாம்பல்சத்தும் மண்ணில் மிகச் சொற்ப அளவே, அவற்றுக்கும் தனி அடையாளம் இல்லை. களி இவ்வளவு, மக்கு இவ்வளவு என்று பார்த்து, முன்பு கூடத்தில் சோதித்த மண்களோடு ஒப்பிட்டுக் கருவி ஊகிக்கிறது. அந்த மண்கள் நம் டெல்டா மண்ணாக இருந்தால் ஊகம் கிட்டத்தில் வரலாம். வேறு சீமைச் செம்மண்ணாக இருந்தால் உங்கள் காசுதான் போகும்.

மறுபடி வந்தால் இரண்டு கேள்வி கேளுங்கள்: எத்தனை நானோமீட்டர் வரை பார்க்கும்? எந்த ஊர் மண்ணை வைத்துப் பழக்கியது? சிலிக்கான் சென்சார் 1,100-ஐத் தாண்டாது. களியின் 2,200 அதன் கண்ணிலேயே படாது. இப்போதைக்கு, வயலில் பத்துப் பதினைந்து இடத்தில் ஆங்கில ‘வி’ மாதிரி குழி வெட்டி, 15 சென்டிமீட்டர் ஆழம்வரை சீவியெடுத்து, கலந்து, நாலாகப் பிரித்துக் குறைத்து, அரைக் கிலோவைக் கூடத்துக்குக் கொடுங்கள்.

கேள்வி: நிலாவில் தண்ணீர் இருப்பதை இதே முறையில்தான் கண்டுபிடித்தார்களா?
— ஒரு மாணவி, கும்பகோணம்

பதில்: ஆமாம்மா. 2008-இல் போன சந்திரயான்-1-இல் நாசாவின் கருவி ஒன்று இருந்தது. நிலாவின் தரையில் பட்டுத் திரும்பிய சூரிய வெளிச்சத்தில் 3,000 நானோமீட்டர் வாக்கில் அது ஒரு பள்ளத்தைக் கண்டது. ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் பிணைந்திருப்பதன் அடையாளம் அது. 2009-இல் அறிவித்தார்கள்.

கேள்வி: களர் நிலத்துக்கு ஜிப்சம் என்று மூட்டை வாங்கினோம். சுண்ணாம்புத் தூளாக இருக்குமோ என்று சந்தேகம். இரண்டும் வெள்ளை. எப்படிக் கண்டுபிடிப்பது?
— ஒரு வாசகி, தலைஞாயிறு

பதில்: சந்தேகப்பட்டது நல்லது அம்மா. சுண்ணாம்புக்கல் தூள் களர் மண்ணில் கரையவே கரையாது, போட்டும் பலன் இல்லை. கருவிக்கு இது சுலபமான வேலை. ஜிப்சத்தின் படிகத்துக்குள்ளேயே தண்ணீர் இருப்பதால் 1,450-இலிருந்து 1,540-க்குள் படிக்கட்டு மாதிரி மூன்று பள்ளம் விழும். சுண்ணாம்புக்கல்லில் அது கிடையாது.

உங்களுக்குக் கருவி வேண்டாம். ஒரு ஸ்பூன் தூளில் நாலு சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் அதில் சுண்ணாம்புக்கல் கலந்திருக்கிறது. பொங்காவிட்டாலும், அது ஜிப்சம்தான் என்று முடிவு கட்டாமல் ஒரு பிடியைக் கூடத்துக்கு அனுப்புங்கள். பதில் வரும்வரை மூட்டையின் பில்லைப் பத்திரமாக வைத்திருங்கள்.