போர்ட் திறந்திருந்தும் கீ சர்வரை விசென்டர் ஏற்கவில்லையா?

விர்ச்சுவல் மெஷின்களை (மென்பொருளாக ஓடும் கணினிகளை) நிர்வகிக்கும் விஎம்வேர் மென்பொருளான விசென்டர், அவற்றை என்க்ரிப்ட் செய்ய, அதாவது மறையாக்க, வேண்டிய சாவிகளைக் கீ சர்வரிடமிருந்து வாங்குகிறது. கீ சர்வரின் சான்றிதழை (அதன் டிஜிட்டல் அடையாள அட்டையை) விசென்டரில் ஏற்றது பாதி வேலைதான். விசென்டரின் சான்றிதழைக் கீ சர்வரும் ஏற்க வேண்டும். இரண்டும் பேசிக்கொள்ளும் 5696 போர்ட் திறந்திருந்தும் உங்களுக்கு இணைப்பு நிலைக்காததற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

கீ சர்வரின் லாக்கைத் திறந்து வைத்துக்கொண்டு மறுபடி இணைத்துப் பாருங்கள். இரு பக்கமும் சான்றிதழைச் சரிபார்க்கும் டிஎல்எஸ் கட்டத்திலேயே அறுந்தால் பெரும்பாலும் சான்றிதழில்தான் கோளாறு. சில கீ சர்வர்களில் சான்றிதழில் உள்ள பெயரும் அங்கே உருவாக்கிய கணக்கின் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். இது சரியான தலைவலி. அப்புறம், இரண்டு பக்கக் கடிகாரத்தையும் ஒப்பிடுங்கள். ஒரு பக்கம் நேரம் பின்தங்கினால் புதுச் சான்றிதழ் செல்லாததாகிவிடும்.

கீ சர்வரே ஒரு விர்ச்சுவல் மெஷின் என்றால் அதை என்க்ரிப்ட் செய்யவே செய்யாதீர்கள். எல்லாம் ஒரேயடியாக நின்றுபோனால், சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதைதான். முதல் மெஷினை என்க்ரிப்ட் செய்யும் முன்பே கீ சர்வருக்கு வேறிடத்தில் பேக்கப் எடுத்துவிடுங்கள்.