கேளுங்க, சொல்றேன்: முப்பது வருஷம் காத்திருந்த காதல் பாட்டு

சார், நான் ஜாஸ் பக்கமே போனதில்ல. காதல் பாட்டா, ராத்திரி தனியா கேக்கற மாதிரி ஒரே ஒரு ஆல்பம் சொல்லணும்னா எதைச் சொல்வீங்க?
— வாசகர், திருச்சி

யோசிக்கவே வேணாம், அமெரிக்க ஜாஸ் பாடகர் ஜிம்மி ஸ்காட் பாடின 'ஆல் த வே'. 1992-ல வந்தது. அவர் 1925-ல கிளீவ்லேண்டுல பொறந்தவர், அப்ப ஆல்பம் வரும்போது என்ன வயசுன்னு நீங்களே கணக்கு போட்டுக்குங்க. மத்தவங்க ரிட்டயர் ஆகி வீட்டுல உக்கார்ற வயசுல இந்த மனுஷனுக்கு ஒரு பெரிய கம்பெனி ஸ்டுடியோவத் திறந்து விட்டுது. பியானோ கென்னி பாரன், பேஸ் (அடித்தளமா கனத்த சத்தம் தர்ற தந்தி வாத்தியம்) ரான் கார்ட்டர், டிரம்ஸ் கிரேடி டேட்னு ஜாஸ்ல பெரிய கைங்க எல்லாம் கூட உக்காந்திருக்காங்க, ஆனா யாருமே தன் வித்தையக் காட்டல, ஒரு பெரியவர் மெதுவா நடந்து வரும்போது கூட வர்றவங்க தன் நடையக் குறைச்சுப்பாங்கல்ல, அப்படி வாசிச்சிருக்காங்க. கிராமி விருதுக்குக்கூட இது பரிந்துரை ஆச்சு.

நீங்க முன்னாடி ஒரு தடவை சொன்னீங்கன்னு யூடியூப்ல தேடிக் கேட்டேன். பாடறது ஒரு லேடின்னே நெனச்சேன், கீழ பேரப் பாத்தா ஆம்பளை. நெஜமாவே அவர் குரல்தானா?
— கல்லூரி மாணவர், நாகர்கோவில்

அவர் குரல்தான் தம்பி. கால்மன் சிண்ட்ரோம்னு பொறப்புலயே வர்ற ஒரு ஹார்மோன் குறைபாடு அவருக்கு இருந்துது, அது இருந்தா பருவ வயசு மாற்றமே ஆரம்பிக்காது, அதனால குரல் உடையவே இல்ல. உசரமும் ரொம்ப வருஷம் அஞ்சு அடியத் தொடல, அதான் 'லிட்டில்' ஜிம்மி ஸ்காட்னு பேரு. 13 வயசுல அம்மா கார் விபத்துல போய்ட்டாங்க, வீட்டுல பத்து பிள்ளைங்க, அத்தனை பேரும் வேற வேற இடத்துல வளர்ந்தாங்க.

நீங்க ஏமாந்ததுக்காக வருத்தப்பட வேணாம், ரெக்கார்டு போட்டவங்களே அப்படித்தான் பண்ணாங்க. 1950-ல லயனல் ஹாம்ப்டன்ங்கற ஜாஸ் கலைஞரோட குழுவுல இவர் பாடின பாட்டு ஹிட் ஆச்சு, ஆனா தட்டுல இவர் பேரு போடல. சாக்ஸபோன் மேதை சார்லி பார்க்கரோட சேந்து நியூயார்க் பேர்ட்லேண்ட் கிளப்புல 'எம்ப்ரேசபிள் யூ' பாடினாரு, பின்னாடி அது ரெக்கார்டா வந்தப்ப வேற ஒரு பெண் பாடகி பேர்ல வந்துடுச்சு. பாடினவன் தன் குரலைத் தானே வேற பேர்ல கேக்கறது எப்படி இருந்திருக்கும்னு எனக்கு இன்னிக்கும் மனசு ஆறல.

ஆனா கூட பாடறவங்களுக்குத் தெரியும். பாடகி நான்சி வில்சன் எல்லாம் இவர்கிட்டேருந்துதான் பாடற விதத்தக் கத்துக்கிட்டேன்னு வெளிப்படையாவே சொன்னவங்க.

இவ்ளோ நல்லா பாடறவர் நடுவுல இத்தன வருஷம் எங்க போனார்?
— வாசகி, சேலம்

இதுதான் வயித்தெரிச்சல் கதை. 1962-ல பிரபல பாடகர் ரே சார்ல்ஸ் தன்னோட சொந்த ரெக்கார்டு கம்பெனி டேஞ்சரின்ல இவருக்காக ஒரு ஆல்பம் ரெக்கார்ட் பண்ணாரு, பேரு 'ஃபாலிங் இன் லவ் இஸ் வொண்டர்ஃபுல்', பத்து பாட்டும் காதல் பாட்டு, பியானோவும் ரே சார்ல்ஸே வாசிச்சாரு. அட்டைப் படத்துல மட்டும் யாரோ ஒரு ஜோடி இருக்கும், பாடினவர் இருக்க மாட்டாரு. வெளிவந்த கொஞ்ச நாள்லயே சவாய்ங்கற இன்னொரு ரெக்கார்டு கம்பெனி முதலாளி ஹெர்மன் லூபின்ஸ்கி 'ஸ்காட் எங்க ஒப்பந்தத்துல இருக்காரு'ன்னு கிளம்பிட்டாரு, கடைக்குப் போன தட்டை எல்லாம் திரும்ப வாங்கிட்டாங்க. அதுக்கப்புறம் அந்த ஆல்பம் முறையா மறுபடி வர்றதுக்கு நாப்பது வருஷம் ஆச்சு. 1969-ல அட்லாண்டிக் கம்பெனில இன்னொண்ணு பண்ணாரு, அதுக்கும் அதே கதிதான்.

மனுஷன் கிளீவ்லேண்டுக்குத் திரும்பிப் போய் ஆஸ்பத்திரில ஆர்டர்லி (நோயாளிகளுக்கு உதவற ஆள்) வேலை பாத்தாரு, அப்புறம் ஹோட்டல்ல ஷிப்பிங் கிளார்க். ஸ்ட்ரெச்சர் தள்ளிட்டு போற இந்த ஆளுக்காக ரே சார்ல்ஸ் பியானோ வாசிச்சாருன்னு அந்த வார்டுல எத்தன பேருக்குத் தெரிஞ்சிருக்கும்?

டாக் போமஸ்னு ஒரு பாட்டாசிரியர், இவரோட பழைய நண்பர், இப்படி ஒரு கலைஞனை உயிரோட இருக்கும்போதே மறந்துட்டீங்களேன்னு பில்போர்ட்ங்கற இசைப் பத்திரிகைக்கு லெட்டரே போட்டவரு. 1991-ல அவர் செத்துப்போனப்ப ஸ்காட் போய் சாவு வீட்டுக் கூட்டத்துல நின்னு 'சம்ஒன் டு வாட்ச் ஓவர் மீ' பாடினாரு. அந்தக் கூட்டத்துல சையர் ரெக்கார்ட்ஸ் கம்பெனித் தலைவர் சீமோர் ஸ்டைன் இருந்தாரு. உடனே ஒப்பந்தம் போட்டுட்டாரு, அதுதான் 'ஆல் த வே' ஆச்சு. உயிரோட இருந்தப்ப எழுதின லெட்டருக்கு நடக்காதது சாவுல நடந்துது.

உண்மையச் சொல்றேன், ரொம்ப ஸ்லோவா இருக்கு சார், ரெண்டாவது பாட்டுலயே தூக்கம் வந்துடுச்சு. இதை எப்படிக் கேக்கறது?
— வாசகர், கோயம்புத்தூர்

பாட்டு ஸ்லோங்கறது சரிதான், மறுக்கல. வேலை பாத்துக்கிட்டே ஓடவிட்டா இது ஒண்ணுமே தராது. ஹெட்ஃபோன் போட்டு பேஸை மட்டும் காதுல பிடிங்க, அது ஒரே சீரா நடந்துட்டு இருக்கும், இப்ப குரல் எப்ப உள்ள வருதுன்னு பாருங்க. வர வேண்டிய இடம் தாண்டிப் போயிருக்கும், போச்சு விட்டுட்டாருன்னு நமக்கே பதறும், அப்பதான் மெதுவா சொல்லை எடுப்பாரு, எடுத்து அடுத்த வரிக்குள்ள சரியா கொண்டு வந்து சேத்துடுவாரு. கர்நாடக சங்கீதத்துல எடுப்பு தள்ளி, அதாவது தாளம் ஆரம்பிச்ச அப்புறம் பாட்டைத் தொடங்கி, பாடறதக் கேட்டுப் பழகின நம்ம காதுக்கு இது ஒண்ணும் அந்நியம் இல்ல, என்ன, நம்ம ஆளுங்க கணக்கு போட்டுத் தள்ளுவாங்க, இவரு சொல்லணுமா வேணாமான்னு தயங்கற மாதிரி தள்ளுவாரு. காதலைச் சொல்றவன் நெஜத்துல அப்படித்தானே திணறுவான். அந்தத் தயக்கம் பிடிபட்டுச்சுன்னா தூக்கம் வராது.

ரெண்டு ஆல்பத்துல எது உசத்தி? பழசா, புதுசா?
— வாசகி, மதுரை

குரல் வளம் 1962-ல ரெக்கார்ட் பண்ண பழசுலதான் உசத்தி, ஒத்துக்கறேன். நாப்பதை நெருங்கற வயசு, தொண்டை முழுசா கைல இருக்கு, பின்னாடி வயலின் எல்லாம் அலை அலையா வருது. 'ஆல் த வே'ல குரல் அங்கங்க பிசிறடிக்கும், நீட்டின சுரம் கடைசில நடுங்கும். எனக்கு அந்த நடுக்கம்தான் வேணும்.

ரெண்டுலயும் 'சம்ஒன் டு வாட்ச் ஓவர் மீ' இருக்கு. முதல்ல பழசைக் கேளுங்க, உடனே புதுசைக் கேளுங்க, நடுவுல வேற எதுவும் போடாதீங்க. பழசுல தனக்கு ஒருத்தர் வருவாங்கன்னு நம்பிப் பாடறாரு. புதுசு, நண்பனோட சாவுல பாடின அதே பாட்டு. அப்புறம் அதே ஆல்பத்துல 'எம்ப்ரேசபிள் யூ'வும் இருக்கு பாருங்க, இந்தத் தடவை அட்டைல அவரோட பேரே இருக்கு.