உங்கள் நகை, அவர் தொழில்: நடுவில் ஒரு தாள் இருக்கட்டும்

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். எனக்கு இரண்டு பிள்ளைகள். வேலைக்குப் போகிறேன். கணவர் நல்லவர், தொழுகையாளி. சொந்தத் தொழில் தொடங்க கல்யாணத்தில் அவர் எனக்குத் தந்த மஹர் நகையையும் சேமிப்பையும் கேட்கிறார். “முதலுக்கு நான் பொறுப்பு, மாதாமாதம் ஒரு தொகையும் தந்துவிடுகிறேன், கவலைப்படாதே” என்கிறார். மாமியோ, “பொண்டாட்டி சம்பாத்தியம் குடும்பத்துக்குத்தானே, இதில் என்ன உன் பணம் என் பணம்?” என்கிறார். இன்னொன்று: வீடு வாங்கலாம் என்று இஸ்லாமிய வங்கி ஒன்றில் விசாரித்தோம். மாதத் தவணை வட்டிக் கடனுக்குக் கட்டுவது போலவேதான் வருகிறது. பெயரை மட்டும் மாற்றிவிட்டார்களோ? என் சேமிப்புக் கணக்கில் சேர்ந்திருக்கும் வட்டியை என்ன செய்வது? இதையெல்லாம் கேட்கும்போது ஈமான் குறைந்தவள் போல எனக்கே கூச்சமாக இருக்கிறது. (பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: வ அலைக்குமுஸ்ஸலாம், சகோதரி. முதலில் அந்தக் கூச்சத்தை விடுங்கள். குர்ஆனின் மிக நீண்ட வசனம் தொழுகையைப் பற்றியதோ நோன்பைப் பற்றியதோ இல்லை. அது அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனம். தவணை வைத்துக் கடன் கொடுக்கல் வாங்கல் செய்தால் அதை எழுதிக்கொள்ளுங்கள், எழுதுபவர் நியாயமாக எழுதட்டும், கடன்பட்டவர் வாசகத்தைச் சொல்லட்டும், சாட்சிகளை வைத்துக்கொள்ளுங்கள், தொகை சிறிதோ பெரிதோ எழுதச் சலிக்காதீர்கள் என்று அது போகிறது. இவ்வளவையும் அல்லாஹ் ஒன்றுவிடாமல் சொல்லியிருக்க, அதைப் பற்றிக் கேட்கும் பெண் ஏன் தலைகுனிய வேண்டும்?

மாமி சொன்னதற்கு வருகிறேன். உங்கள் சம்பளம் உங்களுடையது. “ஆண்களுக்கு அவர்கள் சம்பாதித்ததில் பங்குண்டு, பெண்களுக்கு அவர்கள் சம்பாதித்ததில் பங்குண்டு” என்று அந்நிஸா அத்தியாயத்தின் 32-ஆம் வசனம் சொல்கிறது. மனைவி, பிள்ளைகளின் உணவு, உடை, இருப்பிடம் கணவரின் கடமை. மனைவி கைநிறையச் சம்பாதிப்பதால் அது இல்லாமல் போய்விடாது. மார்க்கச் சட்ட அறிஞர்களின் அமைப்பான சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாதமி 2005-ல் துபாயில் கூடியபோது வேலைக்குப் போகும் மனைவியின் பொருளாதார உரிமையைத் தனியாகவே எடுத்துப் பேசியது. அவள் சொத்து தனி, கணவர் மீதுள்ள செலவுக் கடமையை அவள் மேல் ஏற்ற முடியாது, வீட்டுக்காகவோ தொழிலுக்காகவோ அவள் பணம் போட்டால் போட்ட அளவுக்கு அவள் உரிமையாளர் என்பதே அதன் சாரம். இந்தக் கடைசி விஷயத்தை மனதில் வையுங்கள், வீட்டுக் கதைக்கு வரும்போது தேவைப்படும்.

அதற்காக மாமியிடம் வசனம் சொல்லிச் சண்டைக்கு நிற்க வேண்டாம். அவர் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. குடும்பத்துக்குச் செலவு செய்வது நல்ல காரியம்தான். இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் மனைவி ஸைனப் (ரலி), வசதி குறைந்த தன் கணவருக்கும் தன் பொறுப்பில் இருந்த அநாதைகளுக்கும் தர்மம் கொடுக்கலாமா என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் கேட்டனுப்பினார். உறவைப் பேணியதற்கு ஒன்று, தர்மத்துக்கு ஒன்று என இரண்டு கூலி உண்டு என்று பதில் வந்தது. அந்தப் பணம் முன்பே கணவருடையதாக இருந்திருந்தால் இந்தக் கேள்விக்கே இடமில்லை, கூலிக்கும் இடமில்லை. நீங்கள் கொடுத்தால் அது கொடை, அதற்கு நன்மை உண்டு. கடமை என்று சொல்லி வாங்கிக்கொண்டால் அந்த நன்மை உங்களுக்கும் இல்லை, வாங்கியவருக்கும் நிம்மதி இல்லை.

சரி, நகை விஷயம். இதில்தான் நீங்கள் ரொம்ப நிதானமாக இருக்க வேண்டும். மஹரை மனமுவந்து கொடுக்கச் சொல்லும் அந்நிஸா 4-ஆம் வசனம், அதிலிருந்து மனைவி தானாக விரும்பி எதையாவது விட்டுக்கொடுத்தால் கணவர் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம் என்றும் சொல்கிறது. விருப்பம் அவளுடையதாக இருக்க வேண்டும். “கொடுக்காவிட்டால் அவர் முகம் வாடிவிடும்” என்ற பயத்தில் கொடுப்பதை விருப்பம் என்று நான் சொல்ல மாட்டேன்.

கொடுப்பதென்று முடிவு செய்தால், எந்த வகையில் கொடுக்கிறீர்கள் என்பதை அன்றைக்கே இருவரும் பேசிவிடுங்கள். மூன்று வழிதான். ஒன்று அன்பளிப்பு. கொடுத்தால் கொடுத்ததுதான். அன்பளிப்பைக் கொடுத்துவிட்டுத் திரும்பக் கேட்பதை நபியவர்கள் கடுமையாகக் கண்டித்திருக்கிறார்கள். கணவன் மனைவிக்குள் மனஸ்தாபம் வந்த நாளில் “என் நகையைத் திருப்பிக் கொடு” என்று கேட்க வாய் இருக்காது. இரண்டு, கடன். கொடுத்த அளவு அப்படியே திரும்பி வர வேண்டும், பேசி வைத்த கூடுதல் எதுவும் இருக்கக் கூடாது. அவர் கஷ்டத்தில் இருந்தால் அவகாசம் கொடுக்கச் சொல்கிறது அல்பகரா 280. நகையாகக் கொடுக்கிறீர்களா, விற்றுப் பணமாகக் கொடுக்கிறீர்களா என்பதைத் தெளிவாக எழுத வேண்டும். நகை என்றால் எடையையும் தரத்தையும் எழுதுங்கள். சில வருடம் கழித்துத் தங்கம் ஏறி நிற்கும்போது, அன்றைய விலையா இன்றைய விலையா என்ற வழக்கு வீட்டுக்குள்ளேயே வந்துவிடும்.

மூன்றாவது, கூட்டு. முதல் முழுவதும் உங்களுடையது, உழைப்பு அவருடையது என்றால் அது முளாரபா. இருவரும் முதல் போட்டால் முஷாரகா. லாபத்தை விகிதமாகப் பேசிக்கொள்ள வேண்டும்: உங்களுக்கு 40 சதவீதம், அவருக்கு 60 சதவீதம் என்பது போல. முளாரபாவில் நஷ்டம் வந்தால் முதல் உங்களுக்குப் போகும், உழைப்பு அவருக்கு வீணாகும். அவர் அலட்சியமாக நடந்தாலோ பேசிய நிபந்தனையை மீறினாலோ தவிர, முதலை ஈடுகட்டச் சொல்ல முடியாது. முஷாரகாவில் லாபத்தை எப்படிப் பேசியிருந்தாலும் நஷ்டம் அவரவர் முதலின் அளவுக்குத்தான்.

இப்போது உங்கள் கணவர் சொன்னதைப் பாருங்கள். முதலுக்கு அவர் பொறுப்பு, மாதாமாதம் குறிப்பிட்ட தொகை. அவர் அன்பில்தான் சொல்லியிருக்கிறார், சந்தேகமே இல்லை. ஆனால் முதல் பத்திரமாக இருக்க, அதன் மேல் நிச்சயமான வரும்படியும் வருவதற்குப் பெயர் வட்டி. வங்கியில் தொட மாட்டோம் என்று ஒதுக்கியதை வீட்டுக்குள் பாசமாகக் கொண்டுவந்துவிடாதீர்கள். அவர் தாராளமாகச் செலவுக்குத் தரட்டும், அது அவர் கடமை. அதை உங்கள் நகையோடு முடிச்சுப் போடக் கூடாது, அவ்வளவுதான்.

மேடைகளில் கதீஜா (ரலி) அவர்களைப் பற்றிப் பேசாத ஆள் இல்லை. அவர்கள் பெரிய வணிகர், நபியவர்கள் அவர்களின் சரக்கை எடுத்துக்கொண்டு ஷாம் (சிரியா) தேசத்துக்குப் போய் வந்தார்கள் என்பதெல்லாம் நமக்கு மனப்பாடம். முதல் ஒருவருடையது, உழைப்பு இன்னொருவருடையது, பங்கு முன்பே பேசியது என்ற அந்த ஏற்பாட்டை நம் வீட்டுப் பெண்களுக்கு விளக்கிச் சொல்கிறவர்கள்தான் குறைவு. எனக்கு இதில் உண்மையாகவே ஆதங்கம் உண்டு.

எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்று ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். இதைப் படித்துவிட்டு யாரும் பயப்பட வேண்டாம், மரணம் எல்லோருக்கும் உள்ளதுதான். தொழிலின் மதிப்பு 100 என்று வைத்துக்கொள்வோம். அதில் 60 உங்கள் நகை. கணவர் இறந்துவிட்டார், தாள் எதுவும் இல்லை. 100-ம் அவர் சொத்தாகவே பார்க்கப்படும். பிள்ளைகள் இருப்பதால் மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு, அதாவது பன்னிரண்டரை. 60 போட்டவருக்குக் கிடைப்பது பன்னிரண்டரை! அதே இடத்தில் கடன் பத்திரம் இருந்தால், வாரிசுகளுக்குப் பிரிக்கும் முன் கடனை அடைக்க வேண்டும் என்பது குர்ஆனின் கட்டளை. 60 முதலில் உங்களுக்கு வந்துவிடும். மீதி 40-ல் எட்டில் ஒன்று, 5. ஆக 65. கூட்டு என்று எழுதியிருந்தாலும் உங்கள் பங்கு பாகப்பிரிவினைக்குள்ளேயே வராது. இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரு தாளும் இரண்டு சாட்சிகளும்தான். மைத்துனரும் நாத்தனாரும் நல்லவர்களாகவே இருந்தாலும், தெரியாத ஒன்றை அவர்கள் எப்படி மதிப்பார்கள்?

என் யோசனையைக் கேட்டால், மொத்த நகையையும் கொடுக்காதீர்கள். போனாலும் தாங்கிக்கொள்ளலாம் என்று மனம் ஒப்பும் அளவை மட்டும் கூட்டாகப் போடுங்கள். கணக்குப் புத்தகத்தைப் பார்க்கும் உரிமையையும் சேர்த்து எழுதுங்கள். முதல் போட்டவர் வரவு செலவைக் கேட்பது அவநம்பிக்கை ஆகாது.

வங்கி பற்றி நீங்கள் கேட்டது நியாயமான சந்தேகம். 1963-ல் எகிப்தின் மித் கம்ர் ஊரில் அஹ்மத் அல் நஜ்ஜார் வட்டியில்லாச் சேமிப்பு வங்கி தொடங்கியபோது, சிறு சேமிப்பாளர்களின் பணத்தை லாப நஷ்டப் பங்கில் தொழிலுக்குக் கொண்டுபோவதுதான் நோக்கம். இன்று இஸ்லாமிய வங்கிகளில் பெருமளவு நடப்பது தவணை விற்பனை. வங்கி ஒரு பொருளை வாங்கி, லாபம் வைத்து உங்களுக்கு விற்கும் முராபஹா அது. வீட்டுக்கு இன்னொரு முறையும் உண்டு. நீங்களும் வங்கியும் சேர்ந்து வாங்கி, வங்கியின் பங்கைக் கொஞ்சம் கொஞ்சமாக நீங்கள் வாங்கிக்கொள்வது. அதுவரை அந்தப் பங்குக்கு வாடகை. லாபத்தையோ வாடகையையோ பெரும்பாலும் சந்தை வட்டி விகிதத்தைப் பார்த்தே நிர்ணயிக்கிறார்கள், அதனால்தான் தவணை ஒரே மாதிரி தெரிகிறது. தொகை ஒன்றுபோல இருப்பதாலேயே அது வட்டி ஆகிவிடாது. “வியாபாரமும் வட்டி போன்றதுதான்” என்று சொன்னவர்களுக்கு, வியாபாரத்தை அல்லாஹ் அனுமதித்து வட்டியைத் தடுத்திருக்கிறான் என்ற பதில் அல்பகரா 275-லேயே இருக்கிறது.

ஆனால் உண்மையிலேயே வியாபாரம் நடக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்த முறை போகும்போது அங்கே கேளுங்கள்: வீடு எனக்கு விற்கப்படும் முன் ஒரு நாளாவது, ஒரு மணி நேரமாவது உங்கள் பொறுப்பில் இருக்குமா? கூட்டாக வாங்கினால், வீடு தீப்பிடித்தாலோ இடிந்தாலோ உங்கள் பங்கின் நஷ்டம் யாருக்கு? தவணை தாமதமானால் வசூலிக்கும் அபராதம் உங்கள் லாபத்தில் சேருமா, தர்மத்துக்குப் போகுமா? நேராகப் பதில் வந்தால் ஒப்பந்த நகலை வாங்கி மார்க்கம் கற்ற ஓர் ஆலிமிடம் காட்டுங்கள். மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள். இன்னொன்றிலும் கவனம். சில இடங்களில் வங்கி ஏதோ ஓர் உலோகத்தை உங்களுக்குத் தவணையில் விற்றதாக எழுதி, அதை உங்கள் சார்பிலேயே இன்னொருவருக்கு ரொக்கத்துக்கு விற்று, பணத்தைக் கணக்கில் போட்டுவிடும். அந்த உலோகத்தை நீங்கள் கண்ணால்கூடப் பார்க்க மாட்டீர்கள். இப்படி ஏற்பாடு செய்து நடத்தும் தவர்ருக் கூடாது என்று அதே ஃபிக்ஹ் அகாதமி 2009-ல் ஷார்ஜாவில் முடிவு சொன்னது. அனுமதிக்கும் ஷரீஅத் குழுக்களும் இருக்கின்றன. எனக்கு அகாதமியின் வாதமே வலுவாகப் படுகிறது.

எந்த வழியில் வாங்கினாலும் உங்கள் சம்பளத்திலிருந்து தவணை போவதாக இருந்தால், போடும் விகிதத்துக்கு உங்கள் பெயரும் பத்திரத்தில் இருக்கட்டும். சொத்தில் மகனுக்குக் கிடைப்பதில் பாதிதான் மகளுக்கு, அது ஏன் என்று கேட்டால், குடும்பச் செலவு ஆண் தலையில் இருப்பதால்தான் என்று விளக்கம் சொல்கிறோம். அப்படியானால் செலவில் பாதியைப் பெண் தலையில் ஏற்றிவிட்டு, பத்திரத்தில் பெயரை விட்டுவிடுவது என்ன நீதி?

சேமிப்புக் கணக்கில் விழுந்த வட்டியை உங்கள் செலவுக்கு எடுக்காதீர்கள், கட்டாய தர்மமான ஜகாத்தாகவும் கணக்குக் காட்டாதீர்கள். நன்மையை எதிர்பார்க்காமல் ஏழைகளிடம் சேர்த்துவிடுங்கள் என்றே பெரும்பாலான ஆலிம்கள் சொல்கிறார்கள். முடிந்தால் வட்டி சேராத கணக்குக்கு மாறிக்கொள்ளுங்கள். அணிகிற நகைக்கு ஜகாத் உண்டா என்பதில் ஹனஃபி, ஷாஃபி என்ற இரண்டு மார்க்கச் சட்டப் பிரிவினரும் வேறுபடுகிறார்கள். தொழிலில் போட்ட பிறகு அது வணிக முதல், வருடந்தோறும் இரண்டரை சதவீதக் கணக்குக்குள் வந்துவிடும். உங்கள் பங்குக்கு நீங்கள், அவர் பங்குக்கு அவர்.

கணவரிடம் எப்படிப் பேச்செடுப்பது என்றுதான் இப்போது யோசிப்பீர்கள். மாமி எதிரில் வேண்டாம், கோபத்திலும் வேண்டாம். “உங்கள் தொழிலில் நானும் பங்காளியாக ஆசைப்படுகிறேன், மாதத் தொகை வேண்டாம், லாபத்தில் பங்கு கொடுங்கள், நஷ்டம் வந்தால் என் பங்கை நானும் தாங்குகிறேன். அல்லாஹ் எழுதச் சொன்னபடி எழுதிக்கொள்வோம்” என்று சொல்லிப் பாருங்கள். தொழுகையாளி என்று எழுதியிருக்கிறீர்கள், அவருக்கு இது புரியும். வாசகத்தை அவரையே சொல்லச் சொல்லி எழுதுங்கள், தேதி போடுங்கள், இருவரும் கையெழுத்திடுங்கள், உங்கள் பக்கம் ஒருவர், அவர் பக்கம் ஒருவர் என்று சாட்சி வைத்து ஆளுக்கொரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். நகையை அதற்குப் பிறகு கொடுங்கள்.