பொத்தானில் ஆதி தாளம்

கேள்வி: எனக்கு வயது 31. கோவையில் ஒரு வங்கிக் கிளையில் வேலை. ஆறு வயதில் பரதம் கற்க ஆரம்பித்து, 17 வயதில் அரங்கேற்றம் செய்தேன். அப்புறம் படிப்பு, வேலை, கல்யாணம், குழந்தை என்று பத்து வருஷத்துக்கு மேல் சலங்கையைத் தொடவில்லை. போன வருஷம் மறுபடியும் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் சேர்ந்துவிட்டேன். அந்தச் சந்தோஷம் திங்கள்கிழமை ஆபீசுக்கும் என்கூட வரவேண்டும் என்று ஆசை. ஒருநாள் காட்டன் புடவைக்குக் கெம்பு அட்டிகையும் பெரிய ஜிமிக்கியும் போட்டுக்கொண்டு போனேன். "இன்னிக்கு மாறுவேடப் போட்டியா மேடம்?" என்று கேட்டார் ஒருவர். அதோடு கழற்றி வைத்தவள்தான். கணவர் ஆசையாக நடராஜர் படம் போட்ட டி-ஷர்ட் வாங்கித் தந்தார். அதைப் போட மனசு வரவில்லை. அரங்கேற்றத்துக்குத் தைத்த பட்டு உடை பீரோவில் சும்மா கிடக்கிறது. அதை வெட்டி ஏதாவது தைக்கலாமா? தெரிந்தவர்களுக்கு மட்டும் தெரிகிற மாதிரி, அன்றாட உடையில் நாட்டியத்தைக் கொண்டுவர வழி சொல்லுங்களேன்.
— பெயர் வேண்டாம், கோவை

பதில்: அம்மணி (கோவைக்காரர் என்பதால் இந்த உரிமை), அந்தச் சக ஊழியர் கேட்டது குசும்புதான். ஆனால் அவர் கண்ணில் ஏதோ உறுத்தியதே, அது பொய்யில்லை. கெம்பு நகை மேடைக்கென்று செய்தது. கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கும் உங்கள் கழுத்து அசைவது தெரியவேண்டும், காது திரும்புவது தெரியவேண்டும். அந்தப் பருமனும் சிவப்பும் அதற்காகத்தான். அதையே கவுன்டருக்கு அந்தப் பக்கம் இரண்டடி தூரத்தில் நின்று, டியூப்லைட் வெளிச்சத்தில் பார்த்தால், மேடை மேக்கப்பைக் கலைக்காமல் டவுன் பஸ் ஏறியதுபோல இருக்கும்.

நான் சொல்வது ஒன்றுதான். மேடையிலிருந்து எதையும் எடுக்காதீர்கள், வகுப்பிலிருந்து எடுங்கள். மேடைக் கோலம் ஊருக்கே தெரியும். நகைக்கடை விளம்பரத்திலும் பள்ளி ஆண்டு விழாவிலும் எல்லோரும் பார்த்தாயிற்று. வகுப்பில் என்ன உடுத்துகிறோம், எப்படி முடிகிறோம், வேர்த்தால் எதில் துடைக்கிறோம் என்பதெல்லாம் ஆடியவர்களுக்கு மட்டுமே தெரியும்.

முதலில் உங்கள் பிராக்டிஸ் புடவைக்கு வருவோம். பழைய புடவைகளில் ஒன்றாவது அம்மா வீட்டில் இருக்கும், கேட்டுப் பாருங்கள். கெட்டிப் பருத்தி, அகலமான கரை, பெரும்பாலும் கட்டம் போட்டது அல்லது ஒற்றை நிறம். சாதாரணப் புடவையைவிட அகலம் குறைவு என்பதால் அதை அப்படியே ஆபீசுக்குக் கட்ட முடியாது, கணுக்காலுக்கு மேலேயே நின்றுவிடும். ஆனால் குர்தா தைக்க அதைவிட நல்ல துணி கிடையாது. வருஷக்கணக்கில் வேர்வையிலும் துவைப்பிலும் ஊறி ஊறி மல் துணிபோல மெத்தென்று இருக்கும், இனிமேல் சுருங்கவும் சுருங்காது. ஒரு புடவையில் முழுக்கை குர்தா ஒன்றும் துப்பட்டா ஒன்றும் தாராளமாக வரும். கரையை மட்டும் வீணாக்க விடாதீர்கள். ஒரு பக்கத்துக் கரை குர்தாவின் அடி ஓரத்துக்கு, மறுபக்கத்துக் கரை கை ஓரத்துக்கு. தையல்காரர் அதை மடித்து உள்ளே தள்ளித் தைத்துவிடுவார். "கரை வெளியே தெரியணும்" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு வாருங்கள்.

பழசு கிடைக்காவிட்டால் கண்டாங்கி வாங்குங்கள். காரைக்குடிப் பக்கத்து நெசவு, 2019-இல் புவிசார் குறியீடு வாங்கியது. கட்டமும் கனத்த கரையுமாக இருக்கும். அரக்கு, கடுகு மஞ்சள், கறுப்பு என்று அடர்ந்த நிறங்கள். வேர்வையைக் குடிக்கும், இழுத்துச் செருகினால் நிற்கும். முட்டியை மடக்கி அரைமண்டியில் ஒருமணி நேரம் இருக்கிறவளுக்கு வேறென்ன வேண்டும்?

அகலக் கரை என்றதும் ஒரு பழைய கதை. 1935 கடைசியில் ருக்மிணி தேவி அடையாறில் முதன்முதலாக மேடையேறினார். அந்தக் காலத்தில் பைஜாமா போட்டு அதன்மேல் புடவையைச் சுற்றிக்கொண்டு ஆடுவதுதான் வழக்கம். ஓர் இத்தாலியப் பெண் தையற்கலைஞரின் உதவியோடு அவர்தான் தைத்த உடையைக் கொண்டுவந்தார். இன்று முன்னால் மடிப்பு விசிறி வைத்து நாம் போடுவது அதன் வழியில் வந்ததுதான். அவருடைய நாட்டியப் பள்ளியான கலாக்ஷேத்ரா தொடங்கியது 1936-இல், மறு வருஷமே அங்கே தறி போட்டுவிட்டார்கள். கோயில் சிற்பத்திலும் பழைய புடவைகளிலும் இருந்த நிறங்களையும் கரைகளையும் தேடி எடுத்து நெய்தார்கள். இன்றைக்கும் 'கலாக்ஷேத்ரா புடவை' என்று கேட்டால் கடைக்காரர் புரிந்துகொள்வார். ஆக, மேடைக்கு அழகு சேர்க்கவந்த கரை ஒரு தலைமுறைக்குள் வீட்டுப் புடவைக்கு இறங்கிவிட்டது. உங்கள் ஆசையும் அதே வழியில்தான் போகிறது, புதுசாக எதுவும் கேட்டுவிடவில்லை. ருத்ராட்சக் கரையோ கோபுரக் கரையோ அகலமாக வைத்த ஒரு பருத்திப் புடவை, ஜரிகை குறைவாக, எதிர் நிறத்தில். பார்க்கிற பத்துப் பேரில் ஒன்பது பேர் "புடவை நல்லாருக்கு" என்பார்கள். பத்தாவது ஆள் பக்கத்தில் வந்து, "எங்கே கத்துக்கிட்டீங்க?" என்பார்.

இனி, எனக்கே ரொம்பப் பிடித்த ஒன்று. ஆதி தாளத்துக்கு எட்டு அட்சரம், அதாவது எட்டு எண்ணிக்கை. ஒரு தட்டு, சுண்டுவிரலிலிருந்து மூன்று விரல் எண்ணிக்கை, ஆக நாலு. அப்புறம் தட்டு வீச்சு, தட்டு வீச்சு. நாலு, இரண்டு, இரண்டு. உங்கள் குர்தாவின் முன்பக்கத்தில் எட்டுப் பொத்தான் வைக்கச் சொல்லுங்கள், ஆனால் சம இடைவெளியில் வேண்டாம். நாலு பொத்தான் நெருக்கமாக, ஒரு இடைவெளி, இரண்டு பொத்தான், மறுபடி இடைவெளி, கடைசி இரண்டு. இடைவெளி விட்ட இடத்தில் துணி விரியும் என்பதால் உள்பக்கம் ஒரு சின்ன பிரஸ் பட்டன் வைத்துவிட வேண்டும். அவ்வளவுதான் செலவு.

நான் ஒரு சாம்பல் நிறக் குர்தாவில் இதைச் செய்தேன். நாலு வருஷமாகப் போடுகிறேன். இதுவரை ஒரு ஆள்கூடக் கண்டுபிடித்ததில்லை. முதலில் தைத்தவர் மட்டும் கவனித்தார். அளவு தப்பிவிட்டது என்று நினைத்து, எனக்கு நல்லது செய்வதாக எண்ணி, எட்டையும் பிரித்துச் சமமாக வைத்துக் கொடுத்துவிட்டார். கூலிகூட வாங்கவில்லை, பாவம். வீட்டுக்கு வந்து நானே பிரித்து மறுபடி தைத்தேன். ஆனால் ஒன்று சொல்கிறேன், மீட்டிங்கில் யாராவது நீட்டி முழக்கும்போது விரல் தானாக அந்தப் பொத்தான்களில் ஏறி இறங்கும். தாளத்தில் ஒரு சுற்று, ஒரு ஆவர்த்தனம் முடிந்துவிடும், மீட்டிங்தான் முடியாது.

பொத்தான் வேண்டாம் என்றால் ஓட்டுத்தையல். கை ஓரத்தில் மூன்று தையல், சின்ன இடைவெளி, நாலு தையல். ஏழு எண்ணும் மிஸ்ரம், தகிட தகதிமி. ஐந்து வேண்டுமென்றால் தக தகிட, கண்டம். ஞாயிறு மதியம் உட்கார்ந்து நீங்களே போட்டுவிடலாம்.

நகைக்கு வருகிறேன். கெம்பை அடியோடு விடச் சொல்லவில்லை. ஒருநாளைக்கு ஒன்று, அதிலும் சின்னது. நாகர்கோவில் பக்கம் வடசேரியில் இந்தக் கோயில் நகைகளைக் கையால் செய்கிறார்கள். அவர்கள் வேலைப்பாட்டில் ஒற்றைக் கல் மூக்குத்தி அல்லது குட்டித் தோடு ஒன்று போதும். எனக்குக் கேட்டால் ராக்கொடிதான் என்பேன். பின்னந்தலையில் வைக்கிற வட்டமான நகை, சின்ன அளவிலும் கிடைக்கிறது. கொண்டை போட்டு அதன்மேல் செருகிக்கொண்டால் எதிரே உட்கார்ந்திருக்கும் மேனேஜருக்குத் தெரியாது. லிஃப்டில் பின்னால் நிற்பவருக்குத்தான் தெரியும்.

கைக்கு மருதாணி. மேடைக்கு விரல் நுனிகளையும் உள்ளங்கையையும் சிவப்பாக்க ஆல்தா தடவுவோம் இல்லையா, அந்த அச்சு அசலான வடிவம் நம் வீடுகளில் எப்போதும் உண்டு. உள்ளங்கையில் ஒரு வட்டம், விரல் நுனிகளுக்குத் தொப்பி. கோன் மருதாணியும் கொடியும் பூவும் வந்த பிறகு அது பாட்டி வேலையாகிவிட்டது. இலையை அரைத்து ராத்திரி வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் நோட்டு எண்ணும்போது அலபத்ம முத்திரை பிடிக்காமலே கை பேசும். ஆல்தாவை மட்டும் ஆபீசுக்கு வேண்டாம், ஈரம் பட்டால் காசோலையெல்லாம் சிவந்துபோகும்.

சலங்கை மணியைக் கழற்றிச் சாவிக்கொத்தில் மாட்டுவது, கைப்பையில் தொங்கவிடுவது எல்லாம் இப்போது நடக்கிறது. எனக்குப் பிடிக்கவில்லை. குருவின் கையிலிருந்து பூஜை செய்து வாங்கியது, கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் கட்டுகிறோம். அது பஸ்ஸில் காலடியில் கிடக்கிற பையில் ஆடவேண்டாம். பழமைவாதம் என்றால் சொல்லிக்கொள்ளுங்கள். நாலு முத்து வைத்த வெள்ளிக் கொலுசு போதுமே. முத்திரைப் படம் போட்ட பைகள், டி-ஷர்ட்டுகள் வாங்கும்போது விரல்களை எண்ணிப் பாருங்கள். திரிபதாகத்தில் மடங்க வேண்டியது மோதிர விரல். வரைந்தவருக்கு அது தெரியாமல் நடுவிரலை மடக்கியிருந்தால், ஊரெல்லாம் தப்பான முத்திரையோடு நீங்கள்தான் சுற்றவேண்டியிருக்கும்.

நடராஜர் டி-ஷர்ட் விஷயத்தில் உங்கள் தயக்கம் எனக்குப் புரிகிறது. சாமி படத்தைப் போட்டுக்கொண்டு உட்காருவதும், துவைக்கப் போடுவதும் சிலருக்கு ஒப்பாது. வெளியே போட வேண்டாம். வீட்டில் குழந்தையோடு தட்டடவு தட்டும்போது ஒருநாள் போட்டுக் காட்டுங்கள், அவருக்கும் சந்தோஷம். பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் மட்டும் துணி பெயர், கரை அகலம், நிறம் எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். ஆண்களை ஊகிக்க விடக்கூடாது.

இனிமேல் புது உடை எடுக்கும்போது ஒரு சோதனை. ட்ரையல் ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு அரைமண்டியில் உட்காருங்கள். முட்டி இரண்டும் பக்கவாட்டில் நன்றாகத் திரும்பட்டும். பிறகு ஒரு கையை நாட்டியாரம்பத்தில், தோள் உயரத்துக்குப் பக்கவாட்டில் நீட்டுங்கள். அக்குளில் பிடிக்கிறதா? பக்க வெட்டு முட்டிக்கு மேலே இழுக்கிறதா? அப்படியானால் அது உங்களுக்கான உடை இல்லை. தொங்கவிடுவதற்குத் தைத்தது, நீங்கள் அசைகிறவர். இந்தச் சோதனையில் தேறுகிற உடைகள் ஒரு ஏழெட்டு சேர்ந்துவிட்டால் பீரோவே கொஞ்சம் கொஞ்சமாக ஆடுகிறவள் பீரோவாகிவிடும். துப்பட்டாவையும் பின் குத்தி இரண்டு பக்கமும் தொங்கவிடாமல், வகுப்பில் கட்டுகிற மாதிரி ஒரு தோளிலிருந்து குறுக்கே இழுத்து இடுப்பில் முடிச்சுப் போடுங்கள். மாலை ஐந்து மணிக்கு மேல், கூட்டம் குறைந்த பிறகு போட்டால் போதும். ஆடியவள் யாராவது வரிசையில் நின்றால் அந்த முடிச்சு ஒன்றே போதும்.

கடைசியாக அந்தப் பட்டு உடை. பீரோவிலிருந்து எடுத்து, மடிப்பு விழுந்த இடத்தில் இரண்டு பக்கமும் பிடித்து மெல்ல இழுத்துப் பாருங்கள். ஜரிகையும் பட்டும் ஒரே மடிப்பில் வருஷக்கணக்கில் கிடந்தால் அந்தக் கோட்டிலேயே இற்றுவிடும். இற்றிருந்தால் தயங்காமல் வெட்டலாம், கரை மட்டும் பெரும்பாலும் உறுதியாக இருக்கும். அதை எடுத்து ஒற்றை நிறப் பருத்தி ரவிக்கைக்குக் கை ஓரம் வையுங்கள். விசிறித் துண்டைத் தொடாதீர்கள், அந்த மடிப்பு எதிலும் ஒட்டாது. பட்டு இற்றுப்போகாமல் இருந்தால் வெட்டவேண்டாம். பழைய வேட்டித் துணியில் சுற்றி, சில மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றி வையுங்கள். உங்கள் டீச்சரிடமும் சொல்லி வையுங்கள். புது உடை தைக்க வசதியில்லாத பிள்ளை ஒன்று எந்த வகுப்பிலும் இருக்கும், ஒரு மேடைக்கு இரவல் கொடுக்கலாம். எதுவானாலும் கத்தரிக்கோலை எடுப்பதற்கு முன்னால் அம்மாவுக்கு ஒரு போன். அதற்குக் காசு கொடுத்தது அவராகத்தான் இருக்கும், அந்தக் காசு எங்கிருந்து வந்தது என்று அவருக்குத்தான் தெரியும்.

முதலில் பொத்தானிலிருந்து ஆரம்பியுங்கள், செலவு குறைவு. தையல்காரரிடம் நாலு, இரண்டு, இரண்டு என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். வாயால் சொன்னால் சரிசெய்து விடுவார்.