தோட்டத்தில் சேர்ந்த பத்து வெள்ளி

கேள்வி: என் மகன் குடும்பத்துடன் வெளிநாட்டில் குடியேறி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அங்குள்ள தமிழ்ச் சங்கம் பொங்கலுக்குக் கூடிச் சாப்பிட்டுக் கலைவதோடு சரி என்று அலுத்துக்கொள்கிறான். இடர் வரும் நாளில் இந்த ஒற்றுமையும் பண்பாடும் கைகொடுக்குமா, அல்லது எல்லாம் மேடைப் பேச்சுதானா?
— வாசகி, கும்பகோணம்

பதில்: உங்கள் மகனின் அலுப்பில் நியாயம் உண்டு. ஆனாலும் கூடிச் சாப்பிடுவதை அவர் அவ்வளவு லேசாக எண்ண வேண்டாம். மலாயாவின் (இன்றைய மலேசியாவின்) ரப்பர்த் தோட்டங்களுக்குக் கங்காணிகள் அழைத்துச் சென்ற நம்மவர்களைப் பாருங்கள். விடியுமுன் பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்புக்கு நின்று, பால்வெட்டுக் கத்தியும் வாளியுமாக மரங்களுக்கிடையே போய், வெயில் ஏறியபின் லயம் என்னும் வரிசை வீடுகளுக்குத் திரும்பிய அவர்களுக்குத் தங்களுடையது என்று சொல்லிக்கொள்ள இருந்தவை தோட்டத்து மாரியம்மன் கோயிலும் சிறிய தமிழ்ப் பள்ளியும்தான். குடியிருந்த வீடுகூட நிர்வாகத்துக்குச் சொந்தம்.

1950களில் வெள்ளைக்கார முதலாளிகள் பலர் தோட்டங்களை விற்றுவிட்டுப் போக, வாங்கியவர்கள் அவற்றைக் கூறுபோட்டு விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று இன்றும் அங்கே சொல்லப்படும் அந்தக் காலத்தில், வேலை போன அன்றே வீடும் போயிற்று. அப்போது அமைச்சராக இருந்த வீ. தி. சம்பந்தன், தொழிலாளர்களே பணம் சேர்த்துத் தோட்டத்தை வாங்கிவிடலாம் என்று 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ஒரு பங்கு நூறு வெள்ளி; வெள்ளி என்பது அங்கே டாலருக்கு வழங்கும் பெயர். மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம். பால்வெட்டுக்காரருக்கு அது சில நாள் கூலி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்க் கேட்டார், மக்கள் கொடுத்தார்கள். கெடா மாநிலத்துப் புக்கிட் சீடிம் தோட்டம் முதலில் சங்கத்தின் கைக்கு வந்தது. பிறகு வேறு தோட்டங்களும் வந்தன.

முன்பின் பழக்கமில்லாதவர்களிடம் இந்தப் பணத்தைத் திரட்டியிருக்க முடியாது என்பது என் எண்ணம். ஆண்டுதோறும் திருவிழாவுக்கு வரி கொடுத்து, கணக்குக் கேட்டு, சாவு வீட்டில் தோள்கொடுத்துப் பழகியவர்கள் அவர்கள். உங்கள் மகனின் சங்கத்தில் பந்தி இருக்கிறது, பொதுப் பணப்பெட்டிதான் இல்லை. வேலை இழந்த குடும்பத்துக்கு இரண்டு மாத வாடகை, இறந்தவர் உடலை ஊருக்கு அனுப்பும் செலவு என்று ஏதேனும் ஒன்றுக்கு நிதி தொடங்கச் சொல்லுங்கள். கணக்கை எல்லாரும் பார்க்கும்படி வைத்தால் அடுத்த பொங்கலுக்குப் பேச வேறு விஷயமும் இருக்கும்.

கேள்வி: அந்தத் தோட்டங்களில் சாதி இல்லையா? எல்லாரும் ஒன்றாக இருந்தார்கள் என்பது மிகை அல்லவா?
— வாசகர், விருதுநகர்

பதில்: இருந்தது. கோயில் மரியாதையிலும் சம்பந்தம் பேசுவதிலும் ஊரில் இருந்த வேற்றுமைகள் கப்பலேறி அங்கேயும் போயின. சிங்கப்பூரில் ‘தமிழ் முரசு’ இதழை நடத்திய கோ. சாரங்கபாணி, சாதி சமயம் பாராமல் எல்லாரும் கொண்டாடத்தக்க தமிழர் திருநாளை 1952இல் முன்னெடுத்ததற்கு இதுவே பெரிய காரணம். மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழ் தழைக்க வேண்டி ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற பெயரில் ஆளுக்கு ஒரு வெள்ளி கேட்டபோதும் அவர் யாரையும் விலக்கவில்லை. தோட்டத் தொழிலாளியும் கொடுத்தார், கடைக்காரரும் கொடுத்தார். அதற்காகச் சாதி ஒழிந்துவிட்டது என்று நான் எழுதினால் அங்குள்ள வாசகர்களே சிரிப்பார்கள். திருமணப் பேச்சில் அது இன்றும் எட்டிப் பார்க்கிறது.